நிலம் வகுத்ததும் மனிதர் வகுத்ததும்: பண்டைக் கிரேக்க நகரங்கள்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கற்கப் புகுவோர், மன்னர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் மனப்பாடம் செய்யத் தொடங்குமுன், அந்நாட்டின் நிலப்படத்தை விரித்து வைத்துச் சற்று நேரம் நோக்குதல் நலம். மலை எங்கே நிற்கிறது, ஆறு எங்கே ஓடுகிறது, கடல் எத்துணை அருகில் உள்ளது, மழை எப்பொழுது பொழிகிறது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கண்டால், அந்நாட்டு மக்கள் எதை உண்டனர், எதை விற்றனர், எவரோடு உறவு கொண்டனர், எவரோடு பொருதனர் என்பனவற்றுள் பெரும்பகுதி தானே விளங்கும். இதற்குப் பண்டைக் கிரேக்கம் தக்க சான்றாகும்.

ஆயினும், நிலம் எல்லாவற்றையும் விளக்கிவிடுமா? ஒரே மொழி பேசி, ஒரே தெய்வங்களை வணங்கி, ஒரே வகையான மலைகளுக்கும் கடலுக்கும் இடையே வாழ்ந்த மக்களுள், ஏதென்ஸ் ஒரு வழியிலும் ஸ்பார்ட்டா வேறொரு வழியிலும் சென்றது எதனால்? அந்நகரங்களில் உழுதவர் யாவர், உண்டவர் யாவர்? இவ்வினாக்களையும் சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைகள் பிரித்த மண்

கிரேக்க நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மலையும் குன்றுமாகும். பிண்டஸ் மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி முதுகெலும்பு போல் இறங்குகிறது. வடகிழக்கில் ஒலிம்பஸ் மலை 2,900 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. தேவர்களின் உறைவிடம் என்று கிரேக்கர் போற்றிய மலை அதுவே. இம்மலைகளுக்கு இடையே சிறு சிறு சமவெளிகளும் பள்ளத்தாக்குகளும் அமைந்துள்ளன. நைல் நதியைப் போலவோ யூப்ரட்டீஸ் நதியைப் போலவோ பல ஊர்களை ஒருங்கே பிணைக்கும் பேராறு அங்கு இல்லை. பல ஆறுகள் குளிர்கால மழையில் பெருகிக் கோடையில் வறண்டுவிடும்.

பெருநதியின் நீரைப் பங்கிட்டுக் கொடுக்கவும் கரைகளைக் காக்கவும் பேரரசு ஒன்று எகிப்தில் தேவைப்பட்டது. கிரேக்கத்தில் அத்தகைய தேவை எழவில்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனக்கென ஒரு குன்றின்மேல் அரண் அமைத்துக்கொண்டது. அதன் அடிவாரத்தில் மக்கள் கூடும் சந்தை வெளி ஒன்று தோன்றிற்று. அதைச் சுற்றி வீடுகளும், வீடுகளைச் சுற்றி வயல்களும் அமைந்தன. அரணை அக்ரோபொலிஸ் என்றும், சந்தை வெளியை அகோரா என்றும், நகரும் நாட்டுப்புறமும் சேர்ந்த முழு அரசினைப் பொலிஸ் என்றும் அவர்கள் அழைத்தனர். இவ்வாறு எழுந்த நகர அரசுகள், கடல் கடந்த குடியேற்றங்களையும் சேர்த்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவை என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் மிகப் பல, ஒருவர் ஒரே நாளில் நடந்து கடக்கத்தக்க பரப்பினவே.

மலை பிரித்தது மட்டுமன்றிக் காத்தும் நின்றது. கி.மு. 480ஆம் ஆண்டில் பாரசீகப் பேரரசன் செர்க்சீஸ் பெரும்படையுடன் வந்தபோது, மலைக்கும் வளைகுடாவுக்கும் இடைப்பட்ட தெர்மாப்பிலே கணவாயில் ஒரு சிறு படை அவனைத் தடுத்து நிறுத்திற்று. மலைமேல் சென்ற மாற்றுப் பாதையை எஃபியால்டீஸ் என்பவன் பகைவருக்குக் காட்டிக்கொடுத்த பின்னரே அக்கணவாய் வீழ்ந்தது. இன்று அங்குச் செல்வோர் குறுகிய கணவாயைக் காண இயலாது. ஆறு கொண்டுவந்து குவித்த வண்டலால் கடல் பின்வாங்கி, அவ்விடம் அகன்ற வெளியாகிவிட்டது. நிலமும் காலத்தால் மாறுவதே என்பதற்கு இஃது ஒரு சான்று.

கடல் இணைத்த ஊர்கள்

மலை பிரித்தவற்றைக் கடல் இணைத்தது. கிரேக்கத்தின் கரை நெடுகிலும் வளைகுடாக்களும் முனைகளும் நிறைந்துள்ளன. ஏஜியன் கடலில் தீவுகள் அடுத்தடுத்து விளங்குவதால், ஒரு கரை கண்ணுக்கு மறையுமுன் மறு கரை தோன்றும். மலைப்பாதையில் கழுதைமேல் ஏற்றிச் செல்லும் பாரத்தைவிடப் பன்மடங்கு பாரத்தை ஒரு சிறு மரக்கலம் எளிதில் சுமந்து சென்றது. எனினும் குளிர்காலத்தில் கடல் கொந்தளிக்கும். அப்பொழுது கலங்களைக் கரையேற்றி வைத்தனர். பீயோஷியா நாட்டு உழவரான புலவர் ஹெசியட், பயிர்த்தொழிலைப் பற்றிப் பாடிய நூலிலேயே கடற்செலவுக்கு உகந்த காலத்தையும் கூறியுள்ளார். நிலம் மட்டும் நம்பி வாழ இயலாத நாட்டில் உழவனும் கடலை அறிந்திருக்க வேண்டியிருந்தது.

கிரேக்க உணவின் மூன்று தூண்கள் தானியம், ஒலிவ எண்ணெய், திராட்சை மது என்பன. ஒலிவமும் திராட்சையும் கல்லாங்குத்து நிலத்திலும் வேரூன்றும். தானியத்துக்கோ நல்ல மண் வேண்டும். மக்கள் பெருகியபோது மண் போதாதாயிற்று. கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து 6ஆம் நூற்றாண்டு வரை கிரேக்கர் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்து குடியேறியதற்கு இது ஒரு பெருங்காரணம். கொரிந்து நகரத்தார் சிசிலித் தீவில் கி.மு. 733 அளவில் சிரக்கூஸ் நகரை நிறுவினர். இன்று பிரான்சு நாட்டின் மார்சேய் எனப்படும் மசாலியா கி.மு. 600 அளவில் எழுந்தது.

இக்குடியேற்றங்களை வீரப் பயணங்களாக மட்டும் கருதுவது பொருந்தாது. தேரா என்னும் தீவின் கதையை ஹெரோடோட்டஸ் எழுதி வைத்துள்ளார். அங்கு 7 ஆண்டுகள் மழை பொய்த்தது. உடன்பிறந்தாருள் ஒருவர் வெளியேற வேண்டும் என்று திருவுளச்சீட்டுப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கலங்களில் ஏற்றி அனுப்பினர். சென்றவர்கள் இடம் காணாது திரும்பி வந்தபோது, சொந்த ஊராரே அவர்களைக் கரையேற விடாமல் எறிந்து விரட்டினர். வேறு வழியின்றி ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்ற அவர்களே பின்னர் சைரீன் என்னும் செழிப்பான நகரை நிறுவினர். புலம்பெயர்தல் பலருக்கு விருப்பத்தால் வருவதன்று. வயிற்றால் வருவது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

சின்ன ஆசியாவின் மேற்குக் கரையில் கிரேக்கர் வாழ்ந்த பகுதிக்கு அயோனியா என்று பெயர். கீழ்த்திசை நாடுகளோடு அப்பகுதி மக்களே முதலில் பழகியமையால், அவர்கள் பெயரே கிரேக்கர் அனைவருக்கும் ஆகி, இந்திய மொழிகளில் ‘யவனர்’ என வழங்கலாயிற்று. நம் பழந்தமிழ் நூல்களில் வரும் யவனர் என்னும் சொல்லின் பிறப்பிடம் அதுவே.

பூசந்தியும் சமவெளியும்

கொரிந்து நகரின் வாழ்வு முழுவதும் அதன் இருப்பிடத்தால் அமைந்தது. பெலொப்பொனீசஸ் தீபகற்பத்தை வட கிரேக்கத்தோடு இணைக்கும் பூசந்தி, மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அகலமே உடையது. அதன் இரு புறத்துக் கடல்களிலும் கொரிந்து ஒவ்வொரு துறைமுகத்தை வைத்திருந்தது. தெற்கு முனையைச் சுற்றிச் செல்வது புயலுக்கு அஞ்ச வேண்டிய பயணம். ஆதலால், கி.மு. 600 அளவில் பூசந்தியின் குறுக்கே கல் பாவிய பாதை ஒன்றை அமைத்துச் சரக்குகளையும் சில வேளை கலங்களையுமே இழுத்துச் சென்றனர். இக்காலக் கால்வாய் அவ்விடத்தில் 1893ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

வடக்கே தெஸ்ஸாலி அகன்ற சமவெளி. அங்குக் குதிரை வளர்த்தல் எளிது; பெருநிலக்கிழார்களும் அவர்களது குதிரைப்படையும் ஓங்கியதில் வியப்பில்லை. அவர்களது நிலங்களில் பெனஸ்டாய் எனப்பட்ட பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர்.

பீயோஷியாவும் ஒரு சமவெளியே. அங்கு ஊர்களுக்கிடையே பெருமலைகள் இல்லாமையால், தீப்ஸ் நகரின் தலைமையில் அவை கூட்டாட்சி ஒன்றை அமைத்தன. கி.மு. 447க்குப் பின் அக்கூட்டாட்சி 11 பகுதிகளாக வகுக்கப்பட்டுப் பகுதிக்கு 60 பேராக 660 உறுப்பினர் மன்றத்துக்குச் சென்றனர். அதே சமவெளி படைகள் மோதும் களமாகவும் ஆயிற்று. பிளாட்டியா, லியூக்ட்ரா, கெரோனியா ஆகிய மூன்று பெரும்போர்களும் பீயோஷியாவின் மண்ணிலேயே நிகழ்ந்தன.

அட்டிக்காவின் மெலிந்த மண்

ஏதென்ஸின் நாட்டுப்புறமாகிய அட்டிக்கா ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் மண் மெலிந்தது. காடு அழிந்து மேல்மண் மழையில் அரித்துச் செல்லப்பட்ட செய்தியை அறிஞர் பிளேட்டோவே தம் நூலொன்றில் குறித்துள்ளார். அத்தகைய நிலத்தில் ஓராண்டு விளைச்சல் குறைந்தாலும் சிறு உழவன் செல்வரிடம் கடன் வாங்க நேரும். விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அளக்கும் நிலைக்குப் பலர் ஆளாயினர். கடனைத் தீர்க்க இயலாதவன் தன்னையும் தன் மக்களையும் அடிமையாக விற்கலாம் என்பது அன்றைய வழக்கம்.

கி.மு. 594இல் ஆட்சித் தலைவராகிய சோலன் இந்நிலையை மாற்றினார். கடன்களை நீக்கினார்; உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பதைத் தடை செய்தார்; வெளிநாட்டில் விற்கப்பட்டவருள் பலரை மீட்டுவந்தார். ஒலிவ எண்ணெய் தவிர வேறு விளைபொருளை ஏற்றுமதி செய்யக்கூடாது என்றும் ஆணையிட்டார். மண்ணுக்கு ஏற்ற பயிரை அறிந்து அதனை விற்று, பற்றாக்குறையான தானியத்தைக் கடல்வழியே வாங்கும் முறை பின்னர் ஓங்கி வளர்ந்தது. கருங்கடற் கரையிலிருந்து தானியம் ஏற்றிய கலங்கள் ஹெலஸ்பாண்ட் நீர்ச்சந்தி வழியாகப் பிரேயஸ் துறைமுகத்துக்கு வந்தன.

அட்டிக்காவின் தென்கோடியில் லாரியம் என்னும் இடத்தில் வெள்ளிச் சுரங்கம் இருந்தது. கி.மு. 483 அளவில் அங்கு வளமான படிவு கிட்டிற்று. அவ்வெள்ளியைக் குடிமக்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்காமல் போர்க்கலம் கட்டவேண்டும் என்று தெமிஸ்டாக்ளிஸ் வற்புறுத்தினார். 200 கலங்கள் என்று ஹெரோடோட்டஸ் கூறுகிறார். அக்கடற்படையே கி.மு. 480இல் சலாமிஸ் நீர்ச்சந்தியில் பாரசீகரை வென்றது. ஒரு கலத்துக்கு 170 துடுப்பு வலிப்போர் வேண்டும். நிலமற்ற ஏழைக் குடிமக்களே பெரும்பாலும் அப்பணிக்கு வந்தனர். குதிரை வைத்திருப்போரும் கவசம் வாங்க வல்லோரும் மட்டும் நாட்டைக் காத்த காலத்தில் ஏழைக்கு மன்றத்தில் குரல் இல்லை. துடுப்பைப் பிடித்த கை நாட்டைக் காத்தபோது அவனுக்கும் குரல் கிடைத்தது. ஏதென்ஸின் மக்களாட்சி வலுப்பெற்றதில் கடலுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அவ்வெள்ளியைத் தோண்டியவர் யாவர்? விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள். குறுகிய சுரங்க வழிகளில் விளக்கொளியில் குனிந்தும் ஊர்ந்தும் அவர்கள் பாறையை உடைத்தனர். நிக்கியாஸ் என்னும் செல்வர் 1,000 அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் காசு பெற்றார் என்று செனஃபோன் எழுதியுள்ளார். கடனடிமையிலிருந்து தன் குடிமகனை விடுவித்த நகரம், வேற்று நாட்டானை அடிமையாக வாங்கிற்று. மன்றத்தில் பேசும் உரிமை பெண்களுக்கும் இல்லை. அங்கேயே வாழ்ந்து தொழில் செய்த அயலூராருக்கும் இல்லை.

அடிமைகள் தம் நிலையை ஏற்றுக்கொண்டு அமைதியுற்றிருந்தனரா? இல்லை. கி.மு. 413இல் ஸ்பார்ட்டாவின் படை அட்டிக்காவில் டெசிலியா என்னும் இடத்தைப் பிடித்தது. அதனை வாய்ப்பாகக் கொண்டு 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினர் என்று துசிடிடீஸ் பதிவு செய்துள்ளார். பின்னர் கி.மு. 405இல் ஹெலஸ்பாண்டில் ஏதென்ஸ் தன் கடற்படையை இழந்தது. தானியக் கலங்கள் நின்றன. மறு ஆண்டே நகரம் பணிந்தது. எந்தக் கடல் அதனை உயர்த்திற்றோ அந்தக் கடலின் வழி அடைபட்டவுடன் அது வீழ்ந்தது.

யூரோட்டாஸ் பள்ளத்தாக்கு

இனி ஸ்பார்ட்டாவை நோக்குவோம். யூரோட்டாஸ் ஆற்றின் வளமான பள்ளத்தாக்கில், மேற்கே டைகெட்டஸ் மலையும் கிழக்கே பார்னன் மலையும் காக்க, அந்நகரம் அமைந்திருந்தது. மலைகளே மதிலாக நின்றமையால் நெடுங்காலம் அங்கு நகர மதில் கட்டப்படவில்லை. கடலோ நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால்.

மண் போதாதபோது பிறர் கடலுக்குச் செல்ல, ஸ்பார்ட்டா மலையைக் கடந்தது. டைகெட்டஸுக்கு மேற்கே இருந்த மெஸ்ஸீனியாவின் செழிப்பான சமவெளியைக் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுப் போர்களில் கைப்பற்றி, அங்கு வாழ்ந்த மக்களை ஹெலட்டுகள் எனப்பட்ட பண்ணையடிமைகளாக்கிற்று. தம் சொந்த நிலத்தில் உழுது, விளைச்சலில் பாதியை ஆண்டைகளுக்கு அளந்தனர் என்பதை ஸ்பார்ட்டாவின் புலவர் தைர்ட்டியஸின் பாடலால் அறிகிறோம். அவர்களும் கிரேக்கரே, அதே மொழியினரே.

உழைப்பவர் பலராகவும் ஆள்பவர் சிலராகவும் இருந்த நாட்டில் ஆள்பவருக்கு உறக்கமில்லை. கி.மு. 479இல் பிளாட்டியாப் போருக்கு ஒரு ஸ்பார்ட்டனுக்கு 7 ஹெலட்டுகள் வீதம் சென்றனர் என்கிறார் ஹெரோடோட்டஸ். ஆண்டுதோறும் பதவியேற்ற ஆட்சியாளர் ஹெலட்டுகள்மீது போர் அறிவித்தனர். அவர்களைக் கொல்வது பாவமாகாது என்பதற்கே இந்த ஏற்பாடு. ஸ்பார்ட்டச் சிறுவர் 7 வயதிலேயே தாயைப் பிரிந்து படைப்பயிற்சிக்குச் சென்றதும், ஆண்கள் பொதுக்கூடத்தில் உண்டதும் ஒழுக்கச் சிறப்பால் மட்டும் அமைந்தவை அல்ல, அச்சத்தாலும் அமைந்தவை.

மற்றொரு செய்தியைத் துசிடிடீஸ் கூறுகிறார். போரில் சிறந்த தொண்டு செய்த ஹெலட்டுகளுக்கு விடுதலை அளிப்பதாக அறிவித்தனர். ஏறத்தாழ 2,000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாலை சூடிக் கோயில்களை வலம் வந்தனர். அதன்பின் அவர்கள் ஒழித்துக்கட்டப்பட்டனர். ஒவ்வொருவரும் எவ்வாறு மாண்டனர் என்பது எவருக்கும் தெரியவில்லை. விடுதலை வேட்கையும் ஆற்றலும் உடையோரைக் கண்டறிவதற்கே அவ்வறிவிப்பு.

கி.மு. 464இல் பெரும் நிலநடுக்கம் ஸ்பார்ட்டாவைக் குலைத்தபோது மெஸ்ஸீனியர் கிளர்ந்தெழுந்து இதோமி மலையில் அரண்கொண்டு பல்லாண்டு போராடினர். அடுத்த நூற்றாண்டில், கி.மு. 371இல், லியூக்ட்ராப் போரில் களமிறங்கிய 700 ஸ்பார்ட்டக் குடிமக்களுள் 400 பேர் மாண்டனர். கி.மு. 369இல் தீப்ஸின் படைத்தலைவர் எபாமினோண்டாஸ் மெஸ்ஸீனியாவை விடுவித்தார். அதே இதோமி மலையடிவாரத்தில் மெஸ்ஸீனி என்னும் நகரம் எழுந்தது. அதன் கல்மதிலின் பகுதிகளை இன்றும் காணலாம். தீப்ஸ் இதனைச் செய்தது ஸ்பார்ட்டாவை மெலிவிக்கவே என்பது உண்மை. எனினும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அடிமைத்தனம் ஒரு குளிர்காலத்தில் முடிவுற்றது. மலையும் ஆறும் மண்ணும் மாறவில்லை. உழுதவனே உரியவன் ஆனான்.

இயற்கையின் பெயரால்

நிலத்துக்கும் மக்களுக்கும் உள்ள தொடர்பைக் கிரேக்க அறிஞர்களே ஆராய்ந்தனர். ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களுள் ஒன்று, காற்றும் நீரும் இடமும் மக்களின் உடலையும் இயல்பையும் எவ்வாறு அமைக்கின்றன என்று விளக்குகிறது. மன்னராட்சியில் பணிந்து வாழ்வதும் மக்களின் ஊக்கத்தைக் குறைக்கும் என்று அந்நூலே கூறியிருப்பது கருதத்தக்கது.

அரிஸ்டாட்டில் இதனை வேறு திசையில் கொண்டு சென்றார். குளிர்நாட்டார்க்கு ஊக்கம் உண்டு, அறிவு குறைவு. ஆசிய மக்களுக்கு அறிவு உண்டு, ஊக்கம் குறைவு. இடைப்பட்ட நாட்டில் வாழும் கிரேக்கர்க்கே இரண்டும் உண்டு, ஆதலால் ஆளத் தகுந்தவர் அவரே என்பது அவர் கருத்து. மேலும், சிலர் இயற்கையிலேயே அடிமைகளாகப் பிறக்கின்றனர் என்றும் அவர் எழுதினார். தத்துவம், அரசியல், உயிரியல் எனப் பல துறைகளுக்கு அடிகோலிய பேரறிஞர், தம் வீட்டு வாயிலில் நின்ற அநீதியை இயற்கை என்று மயங்கினார்.

அக்காலத்தில் அனைவரும் அவ்வாறு எண்ணினர் என்று சமாதானம் கூறுவோர் உளர். அது சரியன்று. அதே கி.மு. 4ஆம் நூற்றாண்டில், மெஸ்ஸீனியரின் விடுதலைக்குச் சார்பாகப் பேசிய அல்கிடமஸ் என்னும் சொல்லாசிரியர், அடிமைத்தனம் இயற்கையின் படைப்பே அன்று என்று வாதிட்டார். அடிமைத்தனம் வன்முறையால் வந்தது, ஆதலால் நீதியற்றது என்று கருதியவர்களும் இருந்தனர் என்பதை அரிஸ்டாட்டிலின் நூலே ஒப்புக்கொள்கிறது. அரிஸ்டாட்டிலின் பேச்சு உலகெங்கும் பரவிற்று; அல்கிடமஸின் பேச்சிலோ ஓரிரு துணுக்குகளே எஞ்சின. எவர் சொல் ஏட்டில் நிலைத்தது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் தெளிவது யாது? மலை கிரேக்கரைப் பல நகரங்களாகப் பிரித்தது. கடல் அவர்களைச் சேர்த்தது. மெலிந்த மண் அவர்களை ஒலிவத்துக்கும் வாணிகத்துக்கும் குடியேற்றத்துக்கும் தூண்டிற்று. இவை நிலம் வகுத்தவை. ஆனால் கடனுக்காக மனிதனை விற்கலாம் என்றோ, வென்றவன் உண்ணத் தோற்றவன் தலைமுறைதோறும் உழவேண்டும் என்றோ எந்த மலையும் சொல்லவில்லை. அவை மனிதர் வகுத்தவை. மனிதர் வகுத்தமையால்தான் சோலனால் ஒன்றை நீக்க முடிந்தது. மெஸ்ஸீனியர் மற்றொன்றிலிருந்து மீள முடிந்தது.

பிறப்பாலேயே ஒருவன் தாழ்ந்தவன், அஃது இயற்கையின் ஏற்பாடு என்னும் சொல் எந்த நாட்டில் எந்தக் காலத்தில் ஒலித்தாலும், அச்சொல்லால் பயனடைவோர் யாவர் என்று நாம் முதலில் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கக் கற்பிப்பதே வரலாற்றுக் கல்வியின் முதற்பயன். நம் கல்விக் கழகத்தின் இவ்வெள்ளி விழா மலரைக் கையிலேந்தும் மாணவச் செல்வங்கள், எந்நாட்டு வரலாற்றைப் படிப்பினும் நிலப்படத்தை ஒரு கையிலும் இவ்வினாவை நெஞ்சிலும் கொண்டு படிப்பார்களாக!